காலைத் தூக்கி அடிப்பதா, ஊன்றி அடிப்பதா?

என் மகளுக்கு இந்த ஆண்டு சாஃப்ட்பாலில் (பேஸ்பாலின் தங்கை; கையைக் கீழாகச் சுழற்றிப் பந்து வீசுவார்கள்) இரண்டு கோச். அணிக்கு ஒருவர்; வாரம் ஒருநாள் மட்டை வீச்சை மட்டும் சொல்லித்தர இன்னொருவர். "பந்தை நோக்கிப் போ, எடையை முன்காலுக்குக் கொண்டுவா" என்பார் முதலாமவர். "எங்கேயும் போகாதே, நின்ற இடத்தில் சுழல்" என்பார் இரண்டாமவர். முதலாமவருக்கு நீளமான காலடி பிடிக்கும். இரண்டாமவரோ அவள் காலைத் தூக்கினாலே முகம் சுளிப்பார். ஒருநாள் பயிற்சி முடிந்து காரில் வரும்போது அவள் கேட்டாள்: "ஏன்ப்பா, நான் யார் சொல்றதைக் கேக்கணும்?"

எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதுவும் தெருக் கிரிக்கெட். ஆனாலும் கேள்வி நியாயமானது, கொஞ்சம் அவசரமானதும்கூட. அமெரிக்க சாஃப்ட்பாலில் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பந்து 40 அடியிலிருந்து வரும். 14 வயதுப் பிரிவுக்குப் போனால் 43 அடி. தூரம் மூன்றடி கூடுகிறது. ஆனால் வீசுகிற பிள்ளைகள் அதைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள். போன வருடம் வேலியோரம் போய் விழுந்த அடிகள் இந்த வருடம் ஷார்ட்ஸ்டாப்பின் (உள்களத்தில் நிற்கும் தடுப்பாளர்) கையில் சாதுவாகப் போய் உட்காருகின்றன. அதனால் உட்கார்ந்து படித்தேன், மெதுவாக ஓடும் வீடியோக்களைப் பார்த்தேன். எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மரமட்டை பேஸ்பாலுக்கு இயற்பியல்காரர்கள் சொல்லும் எளிய வாய்பாடு இது: பந்து மட்டையின் நல்ல இடத்தில் பட்டால், அது கிளம்பும் வேகம் சுமாராக, வந்த வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டை வேகத்தின் 1.2 மடங்கும் சேர்ந்தது. பந்து மட்டையை எட்டும்போது மணிக்கு 85 மைல், மட்டை 72 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் பங்கு 17 மைல். மட்டையின் பங்கு 86-க்குச் சற்று மேல். வேகப்பந்தைச் சும்மா திருப்பிவிட்டாலே நான்கு ஓட்டம் என்று பழகிய எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி. இங்கே நேராகத் தூரம் போகவேண்டும், வீசுகிறவர் தருவது சில்லறைதான். கிளம்பும் வேகத்தில் ஒரு மைல் கூடினால் உயர்ந்து போகும் பந்து ஏறக்குறைய ஐந்தடி கூடுதலாகப் போகும் என்பது இன்னொரு கணக்கு. ஆகவே சக்தி என்றால் மட்டையின் வேகம். மற்றதெல்லாம் அதை வாங்கும் வழிகள்.

அந்த வேகம் கையில் பிறப்பதில்லை. துவைகல்லில் ஈரத்துணியைச் சுழற்றி அடிப்பவரைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். முதலில் இடுப்பு திரும்பும். தோள் அதன் பின்னால், கை அதற்கும் பின்னால், துணியின் நுனி எல்லாவற்றுக்கும் கடைசியில், எல்லாவற்றையும்விட வேகமாக. இதில் பலர் கவனிக்காத ஒன்று, ஒவ்வொன்றும் அடுத்ததை ஓடவிட்டுத் தான் நிற்கிறது. இடுப்பு வேகம் குறையும்போதுதான் தோள் முந்துகிறது. தோள் நிற்கும்போது கை முந்துகிறது. பேஸ்பாலில் இடுப்பை நிறுத்தும் பிரேக் முன்கால். பந்து படும் நேரத்தில் நல்ல அடிகாரர்களின் முன்முட்டி நிமிர்ந்து விறைப்பாக இருப்பதைப் பார்க்கலாம். மொத்த உடம்பும் அந்தக் காலில் போய் முட்டி நிற்கிறது, மட்டை மட்டும் நிற்காமல் போகிறது.

இனி இரண்டு கட்சிகளுக்கு வருவோம்.

சுழற்சிக் கட்சியின் தலைவர் டெட் வில்லியம்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 1941-ல் 0.406 சராசரியில் (பத்து வாய்ப்பில் நான்குக்குச் சற்று மேல் நல்ல அடி) அடித்தவர். 521 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி). இடுப்பு முதலில், கை பிறகு என்பதுதான் அவர் பாடத்தின் உயிர். வீசுகிறவர் மேட்டின் மேல் நின்று வீசுவதால் பந்து சரிந்து வருகிறது, அந்தச் சரிவுக்கு எதிராக மட்டை லேசாக மேல்நோக்கி வரவேண்டும் என்பது அவருடைய இன்னொரு வாதம். எதிர்க்கட்சித் தலைவர் சார்லி லாவ். கேட்ச்சராக (நம் விக்கெட் கீப்பர்போல) விளையாடியவர், சொந்தச் சராசரி வெறும் 0.255. ஆனால் கன்சாஸ் சிட்டியில் அவரிடம் பாடம் கேட்ட ஜார்ஜ் பிரெட் 1980-ல் 0.390 அடித்தார். எடை முதலில் பின்காலில் இருக்கவேண்டும், பிறகு முழுவதாக விறைத்த முன்காலுக்கு நகரவேண்டும், அடித்து முடித்ததும் மேல்கையை மட்டையிலிருந்து விட்டுவிடலாம் என்பது லாவ் வழி. நம் முதல் கோச் லாவின் கட்சி, இரண்டாமவர் வில்லியம்ஸின் கட்சி. அவர்களுக்கே அது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

"லாவ் வழியில் போனால் நேர்க்கோட்டில் போகும் நல்ல அடிகள் கிடைக்கும், ஹோம் ரன் கிடைக்காது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் அதை நம்பினேன், ஃபிராங்க் தாமஸ் கண்ணில் படும்வரை. சிகாகோ ஒயிட் சாக்ஸில் அவருக்குக் கற்றுத்தந்த வால்ட் ரினியாக், லாவின் நேரடிச் சீடர். தாமஸின் கணக்கில் எத்தனை ஹோம் ரன் தெரியுமா? 521. வில்லியம்ஸ் அடித்த அதே எண்.

ஆக, எந்த வழியில் சக்தி இருக்கிறது என்ற கேள்வியே எனக்குத் தப்பாகப் பட்டது. இரண்டு வழியிலும் இருக்கிறது. இரண்டு வழிக்காரர்களும் கொஞ்சம் முன்னே போகிறார்கள், பிறகு முன்காலில் முட்டிச் சுழல்கிறார்கள். ஒவ்வொரு வழியிலும் எந்தப் பந்து உங்களை ஏமாற்றும் என்பதில்தான் நிஜமான வித்தியாசம்.

எடையை முன்னே தள்ளுகிற பிள்ளைக்கு எமன் மெதுவான பந்து. வேகப்பந்து வீசுவதுபோலவே கையைச் சுழற்றிவிட்டு, பத்துப் பதினைந்து மைல் குறைத்து விடுவார்கள். பந்து வந்துசேருவதற்குள் எடை முழுக்க முன்காலுக்குப் போயிருக்கும். அதற்கப்புறம் சுழல ஒன்றும் மிச்சமில்லை. கைமட்டும் நீண்டு பந்தைத் தட்டும். என் மகளின் ஷார்ட்ஸ்டாப் அடிகளில் பாதி இந்த வகை. நின்ற இடத்தில் சுழல்கிற பிள்ளைக்கு எமன் வெளியோரப் பந்து, அதாவது உடம்பிலிருந்து தள்ளி வரும் பந்து. சுழல்வதிலேயே குறியாக இருந்தால் முன்தோள் சீக்கிரம் திறந்துவிடும், தலையும் கூடப் போகும், மட்டை உள்பக்கமாக வளைந்து போய்விடும். வெளியோரப் பந்தின் தலையில் மட்டை உருண்டு, பந்து மறுபடியும் ஷார்ட்ஸ்டாப்பிடம். மிச்சப் பாதி இந்த வகை என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டில் எது எளிதில் திருத்தக்கூடிய தப்பு? இரண்டாவது என்று நினைக்கிறேன். பேட்டிங் டீயில் பந்தை வெளியோரமாக வைத்து நூறு தடவை எதிர்ப்பக்க வேலியை நோக்கி அடித்தால் தோள் மூடியிருக்கப் பழகும். (டீ என்றால் குடிக்கிற டீ இல்லை, பந்தை மேலே வைக்கிற ரப்பர் கம்பு. வீட்டில் என் அம்மா இன்னும் குழம்புகிறார்.) மெதுவான பந்துக்கு எதிராகப் பழக, நிஜமாகவே ஏமாற்றி வீசக்கூடிய ஒருவர் வேண்டும். கொல்லைப்புறத்தில் அப்பா வீசும் பந்து எல்லாமே மெதுவான பந்துதான்.

சரி, கால் விஷயம். காரில் வந்த கேள்வியின் சாரமே இதுதான்.

முன்காலை நன்றாகத் தூக்கி அடிப்பவர்களில் உலகப் புகழ் ஜப்பானின் சதாஹாரு ஓவுக்கு. யோமியுரி ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர். பந்து வரும்போது நாரைபோல ஒற்றைக்காலில் நிற்பார். கோச் ஹிரோஷி அரகாவாவோடு சேர்ந்து அவர் அந்த நிலைக்கு வந்தது 1962-ல். அந்த ஆண்டே 38 ஹோம் ரன். ஓய்வு பெறும்போது 868. அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. டொரண்டோவின் ஹோசே பாடிஸ்டா 2009-ல் 13 ஹோம் ரன்தான் அடித்தார். வீச்சைச் சீக்கிரமே தொடங்கி, காலை உயரத் தூக்கி வைக்கப் பழகினார். 2010-ல் 54. இந்த எண்களைப் பார்த்த எந்தத் தகப்பனும் அன்றைக்கே மகளின் காலைத் தூக்கச் சொல்லிவிடுவான்.

நான் சொல்லாமல் நிறுத்தியதற்குக் காரணம் இன்னொரு ஜப்பானியர். ஷோஹெய் ஓடானி ஜப்பானில் காலைத் தூக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தார். 2018-ல் ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்தபோது, முன்பயிற்சி ஆட்டங்களில் அமெரிக்கப் பந்துகள் அவரைத் திணறடித்தன. சீசன் தொடங்குவதற்குச் சற்றுமுன் காலைத் தூக்குவதை விட்டார். முன்பாதத்தின் நுனியைத் தரையிலேயே வைத்து, குதிகாலை மட்டும் லேசாக எழுப்பித் திருப்பி இறக்கினார். வந்த வேகத்தில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஹோம் ரன். 2024-ல், டாட்ஜர்ஸ் அணிக்குப் போன பிறகு, 54. பாடிஸ்டா காலைத் தூக்கி அடித்த அதே 54.

காலைத் தூக்குவது எதற்கு என்று யோசித்தால் இது புதிரில்லை. தூக்குவதால் உடம்புக்குத் தாளம் கிடைக்கிறது, எடை பின்காலில் சரியாக உட்காருகிறது, இறங்கும்போது தரையில் நன்றாக ஊன்ற முடிகிறது. சக்திக்குத் தேவை அந்த ஊன்றல். அதைப் பெறக் கால் முட்டியளவு உயரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் தூக்கிய கால் இறங்க நேரம் வேண்டும். பாடிஸ்டாவுக்கும் கால் உயர்ந்ததோடு சேர்த்துத் தொடக்கமும் முன்னால் போனது.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பேஸ்பாலில் 95 மைல் பந்து வந்துசேர ஏறக்குறைய 0.4 நொடி. சாஃப்ட்பாலில் 43 அடி என்றாலும், வீசுகிறவர் முன்னே பாய்ந்து வந்துதான் பந்தை விடுவார்; மிச்சம் 37, 38 அடிதான். மணிக்கு 55 மைல் பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. கல்லூரி அளவில் 70 மைலுக்குப் போனால் 0.4 நொடிக்கும் கீழே. அதில் மட்டையை வீசி முடிக்கவே 0.15 நொடி போய்விடும். பார்க்க, தீர்மானிக்க, காலை இறக்க எல்லாவற்றுக்குமாக மீதி கால் நொடி. இந்தக் கால் நொடியில் ஒரு பங்கை நாரைக்குத் தாரைவார்க்க பதிமூன்று வயதுப் பிள்ளையால் முடியுமா? சதாஹாரு ஓ செய்தார். ஆனால் அதற்காக அவர் பட்ட பாடு, வாரத்துக்கு இரண்டு மாலை பயிற்சிக்குப் போகிற பிள்ளை படக்கூடியதல்ல.

அடியே எடுத்து வைக்காமல், கால்களை அகட்டி வைத்து அப்படியே அடிக்கும் முறையும் உண்டு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு (மூன்றாவது விழுந்தால் அவுட்) பலர் இதற்கு மாறுவார்கள். அதற்கு அது போதும். முழுநேரமும் இப்படி அடித்தால், இடுப்புக்கு ஓடத் தொடங்க ஒரு உந்துதல் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு. மகள் இரண்டு வாரம் முயன்று பார்த்தாள். படுகிற பந்துகள் கூடின. எட்டிப் போகிற பந்துகள் குறைந்தன.

மட்டை எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்பதற்கு அதிகம் சொல்லப் போவதில்லை. அணி கோச் "மரம் வெட்டுவதுபோல் மேலிருந்து கீழே இறக்கு" என்கிறார். இது பழைய பாடம், எனக்கு உடன்பாடில்லை. வந்த பாதையிலேயே எதிரே போகும் மட்டைக்குத்தான் பந்தைச் சந்திக்க நிறைய இடம் கிடைக்கும். ஆனால் வில்லியம்ஸ் சொன்ன மேல்நோக்கிய வீச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாஃப்ட்பாலில் மேடு கிடையாது, பந்து இடுப்புக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. பாதை தட்டையாக இருப்பதால் மட்டையும் கிட்டத்தட்ட தட்டையாக, மிக லேசாக மேலே வந்தால் போதும்.

தூரமே வேண்டாம் என்கிற வழியும் சாஃப்ட்பாலில் நிஜமாகவே உண்டு. பேஸ்களுக்கு (ஓடிப்போய்த் தொடவேண்டிய மூலைகள்) இடையே 60 அடிதான், பேஸ்பாலில் 90. இடதுகைப் பக்கம் நின்று, ஓடத் தொடங்கிக்கொண்டே பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸை எட்டிவிடும் ஸ்லாப்பர்கள் ஆட்டத்தையே மாற்றுவார்கள். அதற்கு வேகமான கால் வேண்டும். என் மகள் என்னைப் போல ஓடுகிறவள். எனவே அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

மட்டை வாங்குவது. இதில்தான் பெற்றோர் பணத்தை இறைக்கிறோம். நல்ல கலப்புப்பொருள் சாஃப்ட்பால் மட்டை 300 டாலரை அநாயாசமாகத் தாண்டுகிறது. கனமான மட்டை நல்லதா, இலேசானதா? பேப் ரூத் 40 அவுன்சுக்கு மேற்பட்ட மட்டைகளைத் தூக்கினார். இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் 31, 33 அவுன்சில் நிற்கிறார்கள். கனம் கூடினால் மோதல் பலக்கும், வேகம் குறையும். ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. இலேசான மட்டையில் மிஞ்சுவது நேரம், அதாவது முடிவெடுக்கக் கிடைக்கும் அந்த ஒரு கணம். தராசில் காட்டும் எடையைவிட அந்த எடை நுனியில் இருக்கிறதா, கைப்பிடிப் பக்கம் இருக்கிறதா என்பதுதான் கைக்குத் தெரியும். 2025 மார்ச்சில் யாங்கீஸ் அணி மில்வாக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்து, நுனி சிறுத்து நடுவில் பருத்த 'டார்பிடோ' மட்டையை ஊரெல்லாம் பேசவைத்தது. அதைத் தேடிப் பெற்றோர்கள் கடைக்கு ஓடினோம். அன்றைக்கு மூன்று ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜின் கையில் இருந்தது வழக்கமான மட்டை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புது மட்டை வாங்கவில்லை.

தன் முறைக்குக் காத்திருக்கும்போது மட்டையில் கனமான வளையம் மாட்டிச் சுழற்றுவதும் அதே ரகம். கழற்றியதும் மட்டை இறகுபோல இருக்கும். சோதித்துப் பார்த்தவர்கள், அடுத்த சில வீச்சுகள் மெதுவாவதைத்தான் கண்டார்கள். குந்தி எழுதல், கனப்பந்தை இடுப்பிலிருந்து சுழற்றிச் சுவரில் எறிதல் இரண்டையும் அவள் வாரம் இருமுறை செய்கிறாள். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, எந்த வழியில் போனாலும் வேண்டியது.

எவ்வளவு சக்தி தேவை என்று முதலில் கேட்டிருக்க வேண்டுமோ? 2024-லிருந்து மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால்) ஒவ்வொருவரின் மட்டை வேகத்தையும் வெளியிடுகிறது. சராசரி மணிக்கு 72 மைல் அளவில். உச்சியில் ஜியான்கார்லோ ஸ்டான்டன், ஏறக்குறைய 81. அடிமட்டத்தில் லூயிஸ் அராயெஸ், 63-ஐ ஒட்டி. ஸ்டான்டன் 2017-ல் 59 ஹோம் ரன் அடித்தவர். அராயெஸ் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டும் மூன்று வேறு அணிகளில் இருந்துகொண்டு லீக்கின் சராசரிப் பட்டத்தை வென்றவர். பட்டியலின் இரண்டு நுனியிலும் இருப்பவர்கள் கோடீஸ்வரர்கள். மகளிடம் இந்த இருவரின் வீடியோவையும் போட்டுக் காட்டி, யாரைப் போல ஆக ஆசை என்று கேட்டேன். அவள் இருவரையும் விட்டுவிட்டு ஜோசலின் ஆலோவின் பெயரைச் சொன்னாள். ஓக்லஹோமா கல்லூரிக்காக 122 ஹோம் ரன். அதற்கு முந்தைய சாதனை 95. என் மகள் ஆடுகிற அதே 43 அடியில்தான். சரி, தூரம் வேண்டும் என்பது முடிவாயிற்று.

மற்றதையும் அப்படியே முடித்தோம். காலைத் தூக்குவதில்லை, நுனியை ஊன்றிக் குதிகாலை எழுப்பி இறக்குவது. எடை நகரும், ஆனால் ஒரு சாண் அளவுக்குமேல் இல்லை. குதிகால் தரையைத் தொட்ட பிறகே இடுப்பு கிளம்பவேண்டும். டீயில் மூன்றில் இரண்டு பந்து வெளியோரம். பழைய மட்டையே இருக்கட்டும். பதினாறு வயதில் உடம்பும் நேரக்கணக்கும் கைவந்தபிறகு காலைத் தூக்கிப் பார்க்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

மட்டையின் அடியில் மாட்டும் சென்சாரில் முதல் வாரம் வேகம் ஒரு மைல் குறைந்தது. மூன்றாவது வாரம் பழைய இடத்துக்கு வந்தது, இன்னும் கூடவில்லை. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு மெதுவான பந்துக்கு அவள் இடுப்பு காத்திருந்ததைப் பார்த்தேன். பந்து இடது நடுவில் வேலிக்கு முன்னால் ஒருதரம் குத்தி எழும்பியது. இரண்டாவது பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எடையை முன்னால் கொண்டுவந்தாய், பார்த்தாயா?" என்றார் அணி கோச். மாலையில் வீடியோவைப் பார்த்த மற்றவர், "எங்கேயும் போகாமல் சுழன்றாய், பார்த்தாயா?" என்றார். இரண்டு பேரிடமும் அவள் "ஆமாம், கோச்" என்றாளாம்.